செரட்டோனின் கேட்டேன், டோபமின் வந்தது

தாதியாகப் பணிபுரியும் என் அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசு தேடியபோது, இணையத்தில் ஒரு வெள்ளிச் சங்கிலி கண்ணில் பட்டது. அதன் பதக்கம் ஒரு மூலக்கூற்றின் வடிவில் இருந்தது. ‘செரட்டோனின்: மகிழ்ச்சியின் மூலக்கூறு’ என்றது விளம்பரம். இரவுப் பணி முடிந்து களைத்து வரும் அக்காவுக்குப் பொருத்தமாக இருக்கும் என நினைத்து, துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் திடுக்கிட்டேன். நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். செரட்டோனினில் அறுகோண வளையமும் ஐங்கோண வளையமும் ஒட்டியிருக்கும். ஹைட்ராக்சில் குழு ஒன்றுதான். வந்த பதக்கத்திலோ ஒரே வளையம், இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள். நைட்ரஜனில் முடியும் வால் மட்டும் இரண்டிலும் ஒன்றே. என் கையில் இருந்தது டோபமின்!

விற்றவரிடம் முறையிட்டேன். “இரண்டும் மகிழ்ச்சி தருபவைதானே” என்று பதில் வந்தது.

வேதியியலில் அப்படிச் சமாளிக்க முடியாது. காப்பியில் உள்ள கஃபீனில் மூன்று மெத்தில் குழுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றை நீக்கினால் சாக்லெட்டில் உள்ள தியோபுரோமின் கிடைக்கும். அதற்குப் பதில் வேறொன்றை நீக்கினால், ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின்.

மூலக்கூறுகளை அழகுப் பொருளாக்குவது புதிய பழக்கமன்று. 1951ல் நடந்த பிரிட்டன் விழாவுக்காக, படிகவியலாளர் ஹெலன் மெகாவின் முயற்சியால், இன்சுலின், ஹீமோகுளோபின் போன்றவற்றின் படிக அமைப்புகள் துணிகளிலும் சுவர்த்தாள்களிலும் இடம்பெற்றன. விஞ்ஞானிகளின் வரைபடங்களே அவற்றுக்கு அடிப்படை.

மாற்றி வாங்க நேரமில்லை. தவற்றை ஒப்புக்கொண்டே பரிசைக் கொடுத்தேன். அக்கா பதக்கத்தை விரலில் திருப்பிப் பார்த்தார்.

“டோபமினா? இது எங்கள் பிரிவில் மருந்து, தம்பி.”

அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்ட சில நோயாளிகளுக்கு, டோபமினை ரத்தநாளம் வழியாகச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்களாம். அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் இரவு முழுவதும் திரையில் ஒரு கண் இருக்க வேண்டும்.

“இதன் வாலில் இன்னொரு ஹைட்ராக்சில் சேர்த்தால் நோரட்ரினலின்,” என்றேன்.

“அதைத்தான் இப்போது அதிகம் கொடுக்கிறோம்,” என்றார்.

அக்கா வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரவில் அங்கே என்ன செய்கிறார் என்று அன்றுவரை நான் கேட்டதே இல்லை. அன்று வெகுநேரம் பேசினோம்.

இத்தகைய பரிசை வாங்க நினைப்போருக்கு, என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

முதலில், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பிரசவப் பிரிவில் இருப்பவருக்கு, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் பொருத்தமாக இருக்கும். அது ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது.

வாங்குமுன், பதக்கத்தின் படத்தை ‘பப்கெம்’ என்னும் இலவசத் தரவுத்தளத்தில் உள்ள வடிவத்துடன் ஒப்பிடுங்கள். வளையங்களையும் பக்கக் குழுக்களையும் எண்ணினாலே பெரும்பாலான பிழைகள் தெரிந்துவிடும்.

925 முத்திரை இருந்தால் 92.5 விழுக்காடு வெள்ளி என்று பொருள். மலிவான உலோகங்களில் நிக்கல் இருக்கலாம். அது சிலருக்குத் தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தும்.

மோதிரம், கைச்சங்கிலி வேண்டாம். நோயாளிகளைக் கவனிப்போர் அடிக்கடி கை கழுவ வேண்டும். அணிகலன்களில் கிருமிகள் தங்கக்கூடும். கழுத்துச் சங்கிலியையும் அக்கா வேலைக்கு அணிந்து செல்வதில்லை. விடுப்பு நாள்களில் மட்டுமே அணிகிறார்.

சென்ற வாரம், “சரியான செரட்டோனினை வாங்கித் தரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். இதுதான் எனக்குத் தெரிந்தது,” என்றார்.