உடைமையின் வரலாறு: நாவலூரில் நோஸிக்

"அவன் உழைச்சான், சம்பாதிச்சான், உனக்கென்ன?" நாவலூர் டீக்கடையில் நிலவிலைப் பேச்சு வந்தால் இந்த வாக்கியம் வந்து விழாமல் இருக்காது. பழைய மாமல்லபுரம் சாலை கணினிச் சாலையானபின் ஏக்கர் கணக்கு கிரவுண்டு கணக்காகிவிட்டது.

லிபர்டேரியன்கள் சொல்வதும் இதுதான் என்று நம் தோழர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. சந்தை தகுதி பார்த்துக் கூலி தருவதில்லை என்பதை ஹாயெக்கே ஒத்துக்கொண்டவர். 1974இல் வெளியான தன் நூலில் ராபர்ட் நோஸிக்கும் உழைப்பை அளவுகோலாக்கவில்லை. கூடைப்பந்து வீரர் சேம்பர்லேனின் ஆட்டத்தைப் பார்க்கப் பத்து லட்சம் பேர் ஆளுக்கு 25 சென்ட் மனமுவந்து கொடுத்தால் அந்த 2,50,000 டாலர் அவருடையது. அதற்கு அவர் தகுதியானவரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. யாரிடம் எவ்வளவு என்பதல்ல, எப்படி வந்தது என்பதே நோஸிக்கின் கேள்வி. முதலில் கைக்கொண்டதும் பிறகு கைமாறியதும் நியாயமென்றால் பங்கிட அரசுக்கு உரிமையில்லை.

சரி, எப்படி வந்தது என்றே கேட்போமே! நோஸிக்கிடம் மூன்றாவதாக ஒரு விதி உண்டு: பழைய அநீதியைச் சரிசெய்தல். அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

நாவலூரும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிலங்கள் கடனுக்கும் மிரட்டலுக்கும் ஏமாற்றுக்கும் சாதி இந்துக்களிடம் போய்ச் சேர்ந்த கதை ஊரறிந்தது. நோஸிக்கின் கணக்குப்படியே இது செல்லாத கைமாற்றம். அதன்மேல் எத்தனை பத்திரம் பதிந்தாலும், வாங்கியவர் வேர்வை சிந்திச் சேர்த்த பணத்தையே கொடுத்திருந்தாலும், செல்லாததுதான்.

காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். திருட்டையும் மோசடியையும் தடுக்கும் காவலாளியாக மட்டும் அரசு இருந்தால் போதும் என்பது நோஸிக் வாதம். இங்கே காவலாளி, களவுபோனதைச் சொல்ல வந்தவனைச் சுட்டான்.

எனவே நோஸிக்கை நம் ஆளாக்கிவிடலாமா? அதுவும் முடியாது. அவருடைய விதிக்குச் சான்று வேண்டும். பஞ்சமி நிலத்துக்கு அரசாணை உண்டு, வருவாய்த்துறைப் பதிவேடு உண்டு, தேடலாம். அதற்கு முன்னால் மிராசுதாரின் வயலில் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. அவர்கள் இழந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.