கால் தளர்ந்தாலும் நட்பு தளர வேண்டாம்

வயசானால் முழங்கால்தான் முதலில் மக்கர் பண்ணும். கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய கால், இன்று லயத்துப் படி இறங்கத் தயங்குகிறது. பிள்ளைகளோ கொழும்பில். மனக்கவலையை யாரிடம் சொல்வது?

மன்னார் முசலிப் பகுதியைப் பாருங்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் மக்களில் பலர் புத்தளம் சென்றார்கள். 2009இல் போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கூடி வளர்ந்தவர்களுக்கு முதுமையில் இரண்டு ஊர். நம் கதையும் அதுதானே? 1964 ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பல் ஏறிய நம் சொந்தங்கள் நீலகிரியில், நாம் இங்கே.

இன்று கைப்பேசி இருக்கிறது. அதைப் பயனுள்ளதாக்க நாம் செய்ய வேண்டியவை:

1. கூட்டாளியோடு தினமும் ஒரே நேரத்தில் பேசுவோம். பக்கத்து லயத்து நம்பரையும் அவரிடம் கொடுத்து வைப்போம். நாம் போனை எடுக்காவிட்டால் அவர் அங்கே விசாரிக்கலாம்.

2. "சும்மா இருக்கேன்" என்று மழுப்ப வேண்டாம். வழுக்கி விழுந்ததையும் மகனோடு மனஸ்தாபத்தையும் சொல்வோம். சொன்னால் பாதி பாரம் குறையும்.

3. பேசும்போதே உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவோம். அசையாத மூட்டு இன்னும் இறுகும்.

தூரத்து நண்பர் ஆறுதல் தருவார். கை பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாது. அது வீட்டிலுள்ள நம் கடமை. தம்பி, தங்கச்சிகளே, தாத்தா பாட்டிக்கு நம்பரை அழுத்திக் கொடுங்கள்!