அப்பா அம்மாவுக்கு ஓசையில்லாத ஒரு கம்ப்யூட்டர்

வயசான பெற்றோருக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசிக்கும்போது நம் மனசு வேட்டி, புடவை, கம்பளி, மிஞ்சிப்போனால் பிரஷர் பார்க்கும் கருவி என்பதோடு நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் என்று வாயெடுத்தால், "அவங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? கையிலதான் செல்போன் இருக்கே!" என்பார்கள். இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் கேட்ராக்ட் ஆபரேஷன் ஆன கண்ணுக்கும், லேசாக நடுங்கும் விரலுக்கும் அந்த உள்ளங்கை அளவு திரை போதுமா? நீங்களே சொல்லுங்கள்.

2024-ஆம் வருஷம் என் பெற்றோருக்காக நானே பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்டினேன். "நீயா?" என்று மூக்கில் விரல் வைக்காதீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள்தான். மிக்ஸி ஜாரில் பிளேடு மாற்றவும், குக்கருக்குக் காஸ்கெட் போடவும் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். திருகியது முழுக்க நான்.

அப்பாவின் காது

என் பெற்றோர் இருப்பது மயிலாடுதுறையில். அப்பாவுக்கு 78 வயது. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 72. வீட்டில் ஒரே ஒரு கூடம்தான் பெரிது. சாப்பாடு, டி.வி., மத்தியானத் தூக்கம் எல்லாம் அங்கேதான். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரனைத் திரையில் பார்த்துப் பேசுவதுதான் இரண்டு பேருக்கும் வாரத்தின் திருவிழா.

அதற்காகத் தம்பி முன்பு விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. போட்டால் கூடமே 'உய்ங்ங்' என்று இரையும். நமக்கெல்லாம் அது பழகிப்போகும். அப்பாவுக்கோ இரண்டு காதிலும் மிஷின். பேரன் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்துச் சும்மா தலையாட்டுவார். "பெட்டியை அணைச்சா பேச முடியாது, அணைக்கலேன்னா கேக்க முடியாது. நீங்களே பேசுங்கம்மா" என்பார். கொஞ்ச நாளில் பக்கத்தில் வந்து உட்காருவதையே விட்டுவிட்டார்.

காது டாக்டரிடம் கேட்டோம். வயசாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் சக்திதானாம். க, ச, த, ப போன்ற எழுத்துக்களின் வித்தியாசம் அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால் 'கால்' என்றாலும் 'பால்' என்றாலும் ஒன்றுபோலவே காதில் விழும். காது மிஷின் பேச்சைப் பெரிதாக்கும்போது சுற்றியுள்ள இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. இந்தக் காலத்து மிஷின்கள் இரைச்சலைக் கொஞ்சம் அடக்கும் என்றாலும் முழுதாக நீக்குவதில்லை. காது சரியாகக் கேட்காதவர்கள் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார்கள் என்றும் டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது அதுதான்!

ஆகவே, சகோதரிகளே, பெரியவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் இருப்பது ஆடம்பரம் இல்லை. மூக்குக்கண்ணாடி போல அவசியம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டருக்குள் ஓடும் பொருள்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஃபேன், மற்றொன்று ஹார்டு டிஸ்க். மூளை போன்ற ப்ராஸஸர் மின்சாரத்தைச் சாப்பிட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் ஃபேன். நிறையச் சாப்பிடும் ப்ராஸஸருக்கு வேகமான ஃபேன் வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது. அந்த அதிர்ச்சி பெட்டிக்கும் மேஜைக்கும் பரவி 'உம்' என்று இரையும்.

இதிலிருந்தே வழி தெரிகிறது அல்லவா? கொஞ்சமாக மின்சாரம் சாப்பிடும் ப்ராஸஸராக வாங்கினால் ஃபேனே வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஓடும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் அந்த இரைச்சலும் போச்சு. சத்தம், சூடு, கரண்ட் பில் மூன்றும் ஒன்றாகவே குறையும்.

என்னென்ன வாங்கினேன்?

சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு இருக்கிறதே, அங்கே மகனோடு ஒரு நாள் முழுக்க அலைந்தேன். 2023-இல் வந்த இன்டெல் என்100 என்ற ப்ராஸஸர் எங்கள் தேவைக்குப் பொருத்தமாக இருந்தது. அதன் கணக்கு வெறும் 6 வாட். சாதாரண டெஸ்க்டாப் ப்ராஸஸர்களோ 65 வாட், அதற்கும் மேலே. இந்த என்100 மதர்போர்டிலேயே பற்றவைத்து, மேலே அலுமினியச் சீப்பு போன்ற ஒரு பாகத்தோடு வருகிறது. ஃபேன் கிடையாது. போர்டின் அளவு 17 சென்டிமீட்டர் சதுரம், நம் சின்ன டிபன் தட்டு அளவுதான். லேப்டாப்புக்குப் போல 19 வோல்ட் அடாப்டரில் ஓடும் தினுசாகப் பார்த்து எடுத்தோம். இதனால் பெட்டிக்குள் பவர் சப்ளை ஃபேனும் மிச்சம்.

அன்று ஆன செலவு:

மதர்போர்டு, ப்ராஸஸருடன் – 11,500 ரூபாய்
அடாப்டர் – 1,200 ரூபாய்
8 ஜி.பி. ரேம் – 1,700 ரூபாய்
256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. – 1,900 ரூபாய்
சின்ன கேபினெட் – 2,800 ரூபாய்
கேமரா, மைக்குடன் – 1,600 ரூபாய்
ஸ்பீக்கர் – 500 ரூபாய்
24 அங்குல மானிட்டர் – 7,800 ரூபாய்

ஆக மொத்தம் 29,000 ரூபாய். தம்பியும் நானும் பாதிப் பாதி. என் பாதி சீட்டுப் பணம். கீபோர்டும் மௌஸும் பழசே போதும் என்று விட்டுவிட்டோம். வீட்டில் எச்.டி.எம்.ஐ. உள்ள டி.வி. இருந்தால் மானிட்டர் செலவும் மிச்சம்.

ஒரு விஷயம். 2025 கடைசியில் ரேம் விலை நன்றாக ஏறிவிட்டது. அதனால் வாங்கும் அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள். ரேமில் பெரிசு, லேப்டாப் அளவு என்று இரண்டு தினுசு உண்டு. உங்கள் போர்டுக்கு எது என்று கேட்டு வாங்குங்கள்.

பூட்டும் விதம்

மரமேஜை மேல் வைத்து வேலை செய்யுங்கள். கம்பளி விரிப்பு வேண்டாம். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடும். தொடுமுன் வெறும் இரும்பு ஜன்னல் கம்பி எதையாவது தொட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த இடம் உதவாது. போர்டை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள்.

1. ரேமில் ஒரு பள்ளம் இருக்கும். அதைப் போர்டின் செருகுமிடத்தில் உள்ள மேட்டுக்கு நேராகப் பொருத்தி அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். திருப்பி வைத்தால் போகாது, பலவந்தம் செய்யாதீர்கள்.

2. எஸ்.எஸ்.டி. ஒரு சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். சாய்த்துச் செருகி, படிய வைத்து, ஒரு சின்னத் திருகாணி போட்டால் முடிந்தது.

3. கேபினெட்டில் நாலு பித்தளைக் கால்கள் இருக்கும். அவற்றின் மேல் போர்டை வைத்து நாலு மூலையிலும் திருகுங்கள். போர்டின் அடிப்பாகம் கேபினெட் தகரத்தில் படவே கூடாது.

4. சுவிட்ச், விளக்கு ஒயர்களைப் போர்டோடு வரும் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துச் செருகுங்கள்.

5. கடைசியாக அடாப்டர்.

எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கீரை ஆய்கிற நேரம்!

விண்டோஸ் வாங்கினால் தனிச் செலவு என்பதால் லினக்ஸ் மின்ட் போட்டோம். அது இலவசம். எழுத, படிக்க, பேச, பாங்க் கணக்குப் பார்க்க எல்லாம் முடிகிறது. அப்பா அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். பழைய தமிழ் டைப்ரைட்டர் முறை இதில் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அவர் விரல்கள் தானாக ஓட ஆரம்பித்துவிட்டன. புதிதாகக் கற்பவர்களுக்கு, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறை சுலபம். உயிரெழுத்து இடது கைக்கும் மெய்யெழுத்து வலது கைக்கும் வரும்.

கண்ணுக்கும் கழுத்துக்கும்

மானிட்டர் ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரலாம். ஆனால் பைஃபோகல் கண்ணாடி போடுகிறவர்கள் கீழ்ப்பாகம் வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்துகொண்டே இருப்பார்கள், கழுத்து வலிக்கும். அவர்களுக்கு மானிட்டரை இன்னும் தாழ்த்தி வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரவேண்டும், திரையில் அடிக்கக் கூடாது. எழுத்தை ஒன்றரை மடங்காக்கி, அம்புக்குறியையும் பெரிசாக்கிக் கொடுத்தேன். திரையில் நாலே நாலு படங்கள்தான் வைத்தேன்: பேச, படிக்க, பாட்டு, கடிதம். "அடுக்களை டப்பாக்களுக்குப் பேர் எழுதி ஒட்டின மாதிரி இருக்குடி" என்றாள் அம்மா.

பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 40 வாட்டுக்குள்தான், பழைய ட்யூப்லைட் ஒன்றின் செலவு. தினம் நாலு மணி நேரம் போட்டாலும் மாதம் 5 யூனிட்டுக்கு மேல் வராது. ஒரு சின்ன யு.பி.எஸ். இருந்தால் கரண்ட் போனாலும் பேச்சு அறுபடாது.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும், "ஏம்மா, ஓடுதா ஓடலையா?" என்று அப்பா பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொன்னான். அம்மா திருப்பிச் சொல்வதற்கு முன்பே அப்பா சிரித்தார். இப்போது தெருவில் யாருக்கு மனு எழுதவேண்டும் என்றாலும் அப்பாவிடம்தான் வருகிறார்கள். கூடத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே அவர் டைப் அடிக்கிறார்.

பழைய பெட்டி இருந்தால்

புதிது பூட்ட வசதி இல்லையா? இருக்கும் பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். தூசி அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் கத்தும். ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். சின்ன கேபினெட் ஃபேன் இருந்து, இடமும் இருந்தால் பெரிய ஃபேன் போடச் சொல்லுங்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். கரண்டை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

மறக்கக் கூடாதவை

ஃபேன் இல்லாத பெட்டிக்குக் காற்றுதான் உயிர். நம் ஊர்க் கோடையில் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். சுற்றிலும் நாலு விரற்கடை இடம் விடுங்கள். பூவேலை செய்த துணி உறையைத் தாராளமாகத் தைத்துப் போடலாம், ஆனால் ஓடும்போது எடுத்துவிட வேண்டும். எறும்பும் பல்லியும் நுழையாமல் துவாரங்களுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டி, மாதம் ஒரு முறை துடையுங்கள்.

பெரியவர்களிடம் ஒன்றை ஆணியடித்தாற்போல் சொல்லிவையுங்கள். திரையில் போலீஸ் உடுப்போடு வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று யார் மிரட்டினாலும் அது மோசடிதான். நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு நமக்குச் சொல்ல வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். இந்த எண்ணைப் பெரிதாக எழுதி மானிட்டர் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

பூட்டத் தயக்கமாக இருந்தால் ரெடிமேடாக வரும் மினி கம்ப்யூட்டரே வாங்கலாம். ஆனால் அவற்றில் பலவற்றில் சின்ன ஃபேன் இருக்கும். 'ஃபேன் உண்டா?' என்று முதலிலேயே கேளுங்கள். கதவைச் சாத்திய அறையில் போட்டுக் காட்டச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ரிச்சி தெருச் சந்தடியில் எந்தப் பெட்டியும் ஊமைதான்!