பொம்பரிப்பின் தாழிகள்

"தொல்பொருள்" என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு இப்போது பயம். காணியில் பழைய செங்கல் ஒன்று கிடைத்தாலும் "யாருக்கும் சொல்லாதீங்க, காணி போயிரும்" என்கிறார்கள். கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென 2020 ஜூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. எனவே அந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் பொம்பரிப்பைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும்.

புத்தளம் மாவட்டத்தில், வில்பத்துக் காட்டுப் பக்கம் இருக்கிறது பொம்பரிப்பு. அங்கே மண்ணுக்குள் இருப்பது ஒரு பழைய மையவாடி. ஆதி இரும்புக்கால மக்கள், இறந்தவர்களின் எலும்புகளைச் சேர்த்துப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். ஒரே தாழியில் பலருடைய எலும்புகளும் உண்டு. கூடவே கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், மணிகள். எல்லாம் நபி (ஸல்) அவர்களின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. 1920களில் ஹோகார்ட் அங்கே அகழ்ந்தார். 1970இல் விமலா பெக்லியின் குழு அகழ்ந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலும் இதே போன்ற தாழிகள் உண்டு. காயல்பட்டினத்தார் அறிந்த ஆறுதான் அது. ஆனால் அடக்கும் வழக்கம் ஒத்திருப்பதால் மட்டும் இரு கரையிலும் இருந்தவர்கள் ஒரே இனத்தார் என்று முடிவுகட்ட முடியாது. எந்த எலும்போடு எந்த மணி, எந்த ஆழத்தில் எந்தக் கலம் என்பதைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். புதையல் தேடி ஒருவன் மண்வெட்டி போட்டால் பானை மிஞ்சலாம். அந்தச் சாட்சி மிஞ்சாது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். ஆனால் சட்டத்தால் மட்டும் காவல் நிற்க முடியாது. ஊரார் "இது நம்முடையதும்தான்" என்று நினைக்க வேண்டும்.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதை ஸஹீஹுல் புகாரியில் படிக்கிறோம். 2020இல் நம் மையித்துகளை எரித்தபோது, அடக்கம் செய்யும் உரிமைக்காக நாம் எப்படித் துடித்தோம்! பொம்பரிப்பில் கிடப்பவர்களுக்காகப் பேச இன்று வாரிசு யாரும் இல்லை. அவர்களுடைய மையவாடியைக் காக்கச் சொல்லிக் கேட்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?