தொட்டுப் பார்க்கும் அறிவியல் – 9: நாலு ஊர் நிழல்

நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “நிழல் எப்போது இல்லாமல் போகும்?” என்று கேட்டுப் பாருங்கள். “மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு!” என்று வகுப்பே கத்தும். பெரியவர்களைக் கேட்டாலும் இதே பதில்தான். புதுச்சேரியில் இது ஆண்டுக்கு இரண்டே நாள்தான் உண்மை. அந்த இரண்டு நாளிலும் பன்னிரண்டு அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் நிழல் மறையும்.

இந்தச் செய்தியைப் பலகையில் எழுதிப் போட்டால் தேர்வு வரைக்கும் நினைவில் நிற்கும். ஆசிரியர்களிடம் நான் வேண்டிக் கேட்பது வேறு. விடையைச் சொல்லாமல் பிள்ளைகளைப் பள்ளி முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள்.

தேவையானவை கொஞ்சம்தான்: தரைக்கு மேல் ஒரு மீட்டர் நிற்கும் குச்சி, அது நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு, சாக்பீஸ், அளவுகோல். 11.45 முதல் 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். எந்தப் புள்ளியில் நிழல் மிகக் குட்டையாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஊரின் உச்சிப்பொழுது. வாரம் ஒருநாள் இதைச் செய்து தேதியோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சூரியனை நிமிர்ந்து பார்க்க வேண்டியதே இல்லை; பார்க்கவும் கூடாது. முதுகைக் காட்டி நின்றே அதன் போக்கைப் படித்துவிடலாம்.

டிசம்பர் 22ஐ ஒட்டிப் புதுச்சேரியில் உச்சிப்பொழுது நிழல் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர் இருக்கும், வடக்கே விழும். பொங்கல் கழிந்து வாரத்துக்கு வாரம் அது சுருங்கும். ஏப்ரல் 21 வாக்கில் குச்சியின் அடியோடு மறைந்துவிடும். அடுத்த நாள் முதல் நிழல் தெற்குப் பக்கம் தலைகாட்டும். ஜூன் 21ஐ ஒட்டி 20 சென்டிமீட்டர் வரை தெற்கே நீண்டு, மறுபடி சுருங்கி, ஆகஸ்ட் 21 வாக்கில் இரண்டாம் முறை மறையும். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம். ஆனால் அந்த விளக்கத்துக்கு அவசரமில்லை. நிழல் பக்கம் மாறியதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, ஏன் என்று தானே கேட்கும். அந்தக் கேள்வி வந்த பிறகு சொல்லப்படும் விளக்கம்தான் நிற்கும்.

இந்தப் பாடத்துக்குப் புதுச்சேரியைப் போல வாய்ப்பான ஆட்சிப்பகுதி வேறு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நான்கு துண்டுகள் நான்கு திசையில் கிடக்கின்றன. நிர்வாகத்துக்கு இது சிரமம்தான். அறிவியல் பாடத்துக்கோ பெரும் செல்வம். ஏப்ரல் 21 அன்று நான்கு ஊரிலும் ஒரு மீட்டர் குச்சியை நட்டால் என்ன தெரியும்? புதுச்சேரியில் நிழல் இராது. தெற்கே உள்ள காரைக்காலில் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். வடக்கே உள்ள ஏனாமில் எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான நிழல் வடக்கே விழும். மேற்குக் கரையில் இருக்கும் மாகேயிலும் நிழல் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அங்கே உச்சிப்பொழுது வர 12.25 தாண்டிவிடும். ஏனாமிலோ சரியாகப் பன்னிரண்டை ஒட்டியே வந்துவிடும். ஒரே கடிகார நேரம், ஒரே சூரியன், நாலு விதமான நிழல். பூமி தட்டையாக இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் எது? சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் எகிப்தின் இரண்டு ஊர் நிழல்களை ஒப்பிட்டுத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

வானத்தைப் படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. சூரியனை வெள்ளி கடப்பதைக் காண லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் இங்கே காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைத்துவிட்டது. ஆனால் இங்கே தங்கியிருந்தபோது, தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றுக்கொண்டார். ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ நூலில், தரையில் சோழிகளை அடுக்கியே சந்திர கிரகணத்தைக் கணித்த புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதிப் பார்க்காமல், அட்டவணைகளையெல்லாம் மனத்திலேயே வைத்திருந்தாராம். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு பிசகியது நாலே நிமிடம். ஆனால் அதன் பின்னுள்ள கோட்பாடு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்கிறார் வாரன்.

அந்த நினைவாற்றலை நான் வணங்குகிறேன். அவருக்குக் கணக்கு கைமாறி வந்தது, காரணம் வரவில்லை. பள்ளிக்கூடம் இரண்டையும் தரவேண்டிய இடம். விடைகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்பு காரணத்தையும் தருவதில்லை, அந்தக் கைத்திறனையும் தருவதில்லை.

துணைக்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. புதுவை அறிவியல் இயக்கம் பல்லாண்டுகளாகப் பள்ளிகளோடு வேலை செய்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து அது வெளியிடும் ‘துளிர்’ இதழ் 1987இலிருந்து குழந்தைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்லிவருகிறது. கல்வித்துறை செய்யவேண்டியது சிறிய காரியம்: ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நாலு ஊர்த் தொடக்கப் பள்ளிகளும் ஒரே நாளில் அளந்து, அளவுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள ஓர் ஏற்பாடு. ஏப்ரலில் தவறினால் ஆகஸ்டில் செய்யலாம்; மேகம் மட்டும் வழிவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதிவந்த அளவு நீங்கள் எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகாவிட்டால் அழித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். குச்சி சாய்ந்திருந்ததா, தரை சரிந்திருந்ததா, கடிகாரம் தவறா என்று அவர்களையே தேட விடுங்கள். மறுநாளும் வெயில் வரும். இன்னொரு முறை அளந்துகொள்ளலாம்.

அடுத்த வாரம்: மிதப்பது எது, மூழ்குவது எது? ஒரு வாளித் தண்ணீரோடு வாருங்கள்.

(தொடரும்)