சுத்தியல் விழுமுன்

வெளிநாடு செல்லும் குடும்பங்கள் வீட்டுத் தளபாடங்களை ஏலக் கம்பனியிடம் ஒப்படைப்பது கொழும்பில் நெடுநாள் வழக்கம். எம்மவர் பலர் வாய்ப்பேச்சை நம்பியே சாமான்களை ஏற்றியனுப்புகின்றனர். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, சுத்தியல் விழுந்ததும் விற்பனை பூர்த்தியாகிவிடும். பாட்டனாரின் தேக்கு அலுமாரி சொற்ப விலைக்குப் போய்விட்டதே என அதன்பின் அங்கலாய்த்துப் பயனில்லை. எனவே, ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது அவசியமென்பதே எமது கருத்து.

உறவினரை நிறுத்தி விலையை ஏற்றலாமெனச் சிலர் எண்ணுவதை நாமறிவோம். விற்பவர் தரப்பு கேட்கும் உரிமை முன்னரே அறிவிக்கப்படாவிடின், வாங்கியவர் அதனை மோசடியாகக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

தரகு எவ்வளவு, ஏற்றுகூலி யாருடையது, விலைபோகாதவை என்னவாகும், பணம் எந்நாளில் கைக்கு வரும் என்பனவும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். ஏலத்தைப் பயணத் திகதிக்கு முன்னர் வைத்துக்கொண்டால் கணக்கை நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.