ஆலிவ் எண்ணெயின் பிறப்பிடம்: ஆய்வகம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

மத்தியதரைக்கடல் நாடுகளில் அக்டோபரில் தொடங்கும் அறுவடையின் புது எண்ணெய் சந்தைக்கு வரும் வேளையில், வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழும் குழப்பம் ஒன்றுதான்: முன்பக்கத்தில் இத்தாலியப் பெயரும் கொடியும் தாங்கிய புட்டியின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், 'ஐரோப்பிய ஒன்றியத்தில் விளைந்த ஆலிவ் எண்ணெய்களின் கலவை' என்று இருந்தால், அது எந்த நாட்டு எண்ணெய், ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாதா? எக்ஸ்ட்ரா விர்ஜின், விர்ஜின் ஆகிய இரு தர எண்ணெய்களுக்கும் பிறப்பிடத்தைக் குறிப்பது 2009 ஜூலை முதல் ஒன்றியத்தில் கட்டாயம். சட்டம் சொல்லும் பிறப்பிடம், காய் பறிக்கப்பட்டு எண்ணெய் பிழியப்பட்ட நாடு. ஆனால் 'கலவை' என்ற சொல்லையும் அதே சட்டம் அனுமதிப்பதால், புட்டியில் எழுதியிருப்பது பொய்யாகாது, வாங்குபவருக்கு வேண்டிய விவரமும் அதில் இராது.

'பரிசோதனையில் தேறியது' என்று அதிகாரிகள் சொல்வதன் பொருளும் இவ்வாறே குறுகியது. ஒன்றிய விதிகளும், மாட்ரிட்டில் இயங்கும் சர்வதேச ஆலிவ் மன்றத்தின் தரநிலையும் வகுத்துள்ள வரம்புகள், எக்ஸ்ட்ரா விர்ஜினின் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது போன்றவை, எண்ணெய் கெட்டதா, வேறு எண்ணெய் கலந்ததா என்று மட்டுமே கேட்கின்றன. நல்ல ஸ்பானிய எண்ணெயும் நல்ல கிரேக்க எண்ணெயும் அவற்றில் ஒன்றுபோல் தேறிவிடும் என்பதால், பிறப்பிடச் சோதனை பெரும்பாலும் ஆலைக் கணக்கேடுகளைப் புரட்டுவதிலேயே முடிகிறது.

கணக்கேட்டை நம்பாதவர்களுக்கு வேதியியல் தந்திருக்கும் வழிகளில் மிகவும் நுட்பமானது, மழையைத் தடம் பிடிப்பது. ஆக்சிஜன் அணுக்களில் சுமார் 0.2 சதவீதம், மற்றவற்றைவிட எடை கூடிய ஆக்சிஜன்-18. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட இத்தகைய வடிவங்களே ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. கடலிலிருந்து எழுந்த மேகம் உள்நாட்டை நோக்கி நகரும்போது எடை கூடிய நீர் முதலில் பொழிந்துவிடுவதால், கடலோரத் தோப்பில் பெய்யும் மழையைவிட மலையடிவாரத்தில் பெய்யும் மழையில் அதன் பங்கு குறைவு. வறண்ட வெப்பத்திலோ இலை வழியே இலகுவான நீர் முந்தி ஆவியாகி, எடை கூடியது மரத்தில் தங்குகிறது. அந்த நீரைக் குடித்து வளர்ந்த மரத்தின் எண்ணெயும் அதே விகிதத்தின் சாயலைத் தாங்குகிறது. ஆய்வகத்தில் துளி எண்ணெயைச் சுமார் 1,400 டிகிரி வெப்பத்தில் சிதைத்து, கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவை நிறைமாலைமானியில், அதாவது மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியில், செலுத்தி அந்த விகிதத்தை அளக்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவது அளந்த பிறகுதான். கருவி தருவது ஒரு எண். அந்த எண் எந்த ஊருடையது என்று சொல்ல, அதே ஆண்டில் அந்த ஊரின் தோப்புகளிலேயே எடுத்து வைத்த நம்பகமான மாதிரிகள் வேண்டும், ஏனெனில் மழை ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஒயினுக்கு இத்தகைய ஐசோடோப்புத் தரவு வங்கியை ஐரோப்பா 1991-லேயே சட்டப்படி ஏற்படுத்திவிட்டது. ஆலிவ் எண்ணெய்க்கு அதற்கு இணையான அதிகாரபூர்வ ஏற்பாடு இல்லை. மேலும், மேகம் நாட்டெல்லை பார்த்துப் பொழிவதில்லை. ஏறத்தாழ 150 கி.மீ. கடல் மட்டுமே பிரிக்கும் சிசிலியும் துனிசியாவின் வடகிழக்கு முனையும் தரும் எண்கள் ஒன்றின் மேல் ஒன்று படிவதில் வியப்பில்லை. இதைவிடக் கவலைக்குரியது கலவை: வடக்கத்திய எண்ணெயையும் தெற்கத்திய எண்ணெயையும் அளவறிந்து சேர்த்தால், இரண்டிலும் சேராத நடுப்பகுதி எண்ணெயின் எண் கிடைத்துவிடும். ஆக, புட்டியில் எழுதியிருப்பது பொய் என்று இந்தச் சோதனை சில வேளை காட்டலாம்; மெய் என்று சான்றளிக்க அதனால் இயலாது.

ரகத்தை வைத்துப் பிறப்பிடத்தை ஊகிப்பதிலும் தடை உண்டு: நட்ட இடம் மாறினால் ஒரே ரகத்தின் எண்ணும் மாறும். ஸ்பெயினின் ஹாயேன் மாகாணத்தில் பெருமளவில் விளையும் பிகுவால் ரகத்தின் எண்ணெயில் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கத்தலோனியாவைச் சேர்ந்த ஆர்பெகினாவில் அது குறைவு. ஆனால் அதே ஆர்பெகினாவை அர்ஜென்டினாவின் வெப்பமான வடமேற்கில் நட்டபோது, தரநிலை கோரும் குறைந்தபட்ச அளவான 55 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய எண்ணெய்கள் கிடைத்தன. கலப்படமற்ற எண்ணெய், காகிதத்தில் ஆலிவ் எண்ணெயே அல்ல என்றாயிற்று. ஆஸ்திரேலியாவில் பார்னியா ரகத்துக்கும் இதுவே நேர்ந்தது: தாவரக் கொழுப்பில் காணப்படும் கேம்பெஸ்டெரால் என்ற பொருள் 4 சதவீத வரம்பைத் தாண்டியதால், அந்நாடு 2011-இல் தனது தரநிலையில் வரம்பை 4.8 ஆக உயர்த்திக்கொண்டது. மத்தியதரைக்கடல் மரங்களை வைத்து எழுதப்பட்ட வரம்பை உலகுக்குப் பொதுவென்று அறிவித்ததன் விளைவு இது.

அண்மைக்காலத்தில் நம்பிக்கை தருவது செஸ்குவிடெர்ப்பீன் என்ற மணச் சேர்மங்களின் வரிசை. ரகத்தாலும் மண்ணாலும் மாறும் இவற்றைத் தனித்தனியே பெயரிடாமல், கருவி வரையும் கோட்டின் முழு வடிவத்தையும் கணினி ஒப்பிடுகிறது, ஆயினும் ஒப்பிட மாதிரிகள் வேண்டும் என்ற பழைய நிபந்தனை இங்கும் நீங்கவில்லை.

பிற கேள்விகளுக்கு நீண்ட விடை தேவையில்லை. டி.என்.ஏ. சோதனை ரகத்தைக் காட்டக்கூடும், ஆனால் வடிகட்டிய எண்ணெயில் அது துணுக்குகளாகவே எஞ்சுகிறது. புட்டியில் அச்சிட்ட குறைந்த அமிலத்தன்மை பிறப்பிடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. குளிர்சாதனப் பெட்டியில் உறைவது தூய்மைக்குச் சான்றல்ல. எந்தப் புட்டியை வாங்குவது என்றால், ஒரே ஆலையும் ஒரே அறுவடை ஆண்டும் குறித்த புட்டி பொய் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோப்பாவது இருக்கும். 'கலவை' என்றதற்கு அதுவும் இல்லை.